நத்தாருக்கு வைன்: பெட்டியில் உள்ள ‘நான்கு வாரம்’ எதற்கான கணக்கு?

கேள்வி: வீட்டில் வைன் செய்வது எனக்கு இதுதான் முதல் தடவை. நத்தாருக்கு முதல் நாள் இரவு இருபத்தைந்து பேரளவில் வீட்டுக்கு வருவார்கள். கடையில் மூன்று கிட் பெட்டிகளைக் (செறிந்த திராட்சைச் சாறும் மதுவம் என்ற ஈஸ்ற்றும் தூள்களும் அடங்கிய பொதிகள்) காட்டினார்கள். ஒன்று 8 லீற்றர் சாறுள்ள வெள்ளை வைன் பினோ கிறீஜியோ, ‘நான்கு வாரம்’. இன்னொன்று 10 லீற்றர் சிவப்பு வைன் மெர்லோ, ‘ஆறு வாரம்’. மூன்றாவது திராட்சைத் தோலுடன் வரும் 14 லீற்றர் சிவப்பு வைன் கபர்னே சோவிஞ்ஞோன், ‘எட்டு வாரம்’. “விலை கூடியதை எடு, எட்டு வாரம்தானே, நத்தாருக்குச் சரியாக வரும்” என்கிறார் நண்பர். இன்று செப்டெம்பர் 25. எதை வாங்கட்டும்? சூட்டைக் கூட்டினால் நாட்கள் குறையுமா? சீனி சேர்த்தால் வீரியம் கூடுமா? அக்கா சைவம், அவ இதைக் குடிக்கலாமா? – ஸ்காபுறோ (ரொறன்ரோ) வாசகர்

பதில்:

கபர்னேயை இந்த நத்தாருக்கு வாங்காதீர்கள். மூன்றில் அதுதான் நல்ல வைன் என்பதில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் நாட்கணக்கில் அவர் தவறிவிட்டார். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாரம் போத்தலில் அடைக்கும் நாளைத்தான் சொல்கிறது. குடிக்க இதமாகும் நாள் அதற்குப் பிறகு வருகிறது, எவ்வளவு பிறகு என்பது வைனுக்கு வைன் மாறும். ஒக்டோபர் 1இல் தொடங்கினால் எட்டு வாரக் கிட் நவம்பர் 26இல் போத்தலுக்குப் போகும். நத்தாருக்கு முதல் நாள் அதைத் திறந்தால் போத்தலில் நான்கு வாரம்தான் ஆகியிருக்கும். தோலோடு நொதித்த கபர்னே பதமாக ஏறக்குறைய ஒரு வருடம் கேட்கும்.

காரணம் துவர்ப்பு. சாயத் தேத்தண்ணியைக் கூடுதலாக ஊறவிட்டால் நாக்கும் கன்னமும் பிடித்துக்கொள்ளுமே, அதே குடும்பத்துத் தனின்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள்தான் திராட்சைத் தோலிலும் வைனில் இடும் ஓக் மரத்திலும் இருக்கின்றன. மாதக்கணக்கில் அவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, ஒரு பகுதி அடியில் படியும். மிச்சம் வாய்க்கு மென்மையாகப் படும். இந்த வேலையை வீட்டில் விரைவுபடுத்த வழியில்லை. சாறு கூடிய கிட்டில் எல்லாமே கூடுதலாக இருக்கும். எந்தப் பெட்டியானாலும் கடைசியில் வருவது 23 லீற்றர் வைன். 8 லீற்றர்ப் பெட்டிக்கு 15 லீற்றர் தண்ணீர் சேரும், 14 லீற்றர்ப் பெட்டிக்கு 9 லீற்றர்தான். அதனால் பெரிய பெட்டி அடர்ந்த வைனைத் தருகிறது, காத்திருக்கவும் வைக்கிறது. சின்னப் பெட்டியின் வைன் இலேசானது, அது தன் உச்சத்தைச் சீக்கிரமே தொட்டுவிடும். நாள் குறைவாக இருக்கும்போது மலிவான பெட்டியே பொருத்தமான பெட்டி. கடைக்காரர் விற்றுத் தள்ளுவதற்காக அதைக் காட்டினார் என்று நினைக்க வேண்டாம்.

விரைவில் பதமாகும் கிட்டை எப்படி அடையாளம் காண்பது? வெள்ளை வைனாக இருக்கட்டும். ஓக் தூளோ சீவலோ இல்லாததாக இருக்கட்டும். கடைசியில் சேர்க்கும் இனிப்புச் சாற்றுப் பை ஒன்று உள்ளே இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சிறிதளவு இனிப்பு இளம் வைனின் புளிப்பையும் முரட்டுத்தனத்தையும் மூடிவிடும். இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது றீஸ்லிங், கெவூர்ஸ்ட்ராமினர் வகைகளில். பினோ கிறீஜியோ இவற்றுக்கு அடுத்தபடி. கிட்டில் வரும் ஷார்டொனேயில் பெரும்பாலும் ஓக் இருக்கும், இப்போதைக்கு வேண்டாம். சிவப்பில் மெர்லோ, பினோ நுவார், வல்பொலிசெல்லாப் பாணி ஆகியவற்றின் சின்னப் பெட்டிகள் ஓரளவு சீக்கிரம் இளகும். கபர்னே, பரோலோ, அமரோனே மூன்றும் பொறுமைசாலிகளுக்கு.

உங்கள் மேசையையும் நினைத்துப் பாருங்கள். நத்தார் இரவில் ஆட்டிறைச்சிக் கறியும் மட்டன் றோல்ஸும் இறால் பொரியலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். துவர்ப்பும் மதுசாரமும் கூடிய சிவப்பு வைன் மிளகாயின் எரிவைக் கூட்டிக் காட்டும். இலேசான இனிப்புள்ள றீஸ்லிங்கைக் குளிரவைத்துப் பரிமாறினால் உறைப்பு அடங்கும். ஆகவே என் சிபாரிசு: பினோ கிறீஜியோவுக்குப் பதிலாக அதே விலை வரிசையில் ஒரு நான்கு வார றீஸ்லிங் அல்லது கெவூர்ஸ்ட்ராமினர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பினோ கிறீஜியோவையே எடுங்கள். ஒரு பெட்டியில் 30 போத்தல் வரும், போத்தலுக்கு 150 மில்லிலீற்றர்க் கிளாஸ் ஐந்து, ஆக 150 கிளாஸ். இருபத்தைந்து பேருக்குத் தாராளம். சிவப்பும் வேண்டுமென்றால் மெர்லோவை ஒரு வாரம் பிந்தித் தொடங்குங்கள். நொதிக்கும் வாளி முதல் வாரத்துக்குத்தான் தேவை, அதன்பின் காலியாகிவிடும். இன்னொரு கண்ணாடிக் கலன் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் நத்தாரில் அந்த மெர்லோ குடிக்கக்கூடியதாக இருக்கும் என்பதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைகளில் பழச்சுவைக் கிட்டுகளும் உண்டு. ஐலண்ட் மிஸ்ற், ஓர்ச்சட் பிறீசின் என்பன அந்த வகை. ஆறு ஏழு விழுக்காட்டு மதுசாரத்தோடு, இனிப்பாக, போத்தலில் அடைத்த கையோடு குடிக்கலாம். நாள் மிகவும் நெருங்கிவிட்டால் அதுதான் வழி. உங்களுக்கு இன்னும் அந்த நெருக்கடி வரவில்லை.

வாங்கும்போது பெட்டியின் தயாரிப்புத் திகதியைப் பாருங்கள், குறியீடாக இருந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள். வெள்ளைத் திராட்சைச் சாறு பையில் நெடுநாள் கிடந்தால் பழுப்பேறி மணம் மங்கும். ஒரு வருடத்துக்கு உட்பட்டதே நல்லது.

இனி வேலைக்கு வருவோம். கழுவுதல் வேறு, கிருமி நீக்கல் வேறு. வாளி, கலன், குழாய், கரண்டி எல்லாவற்றையும் முதலில் வாசனையில்லாத சுத்தப்படுத்தும் தூளால் கழுவுங்கள். பிறகு 4 லீற்றர் தண்ணீரில் 50 கிறாம் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைத்த நீரால் நனைத்து வடியவிடுங்கள். அந்த ஆவி மூச்சை அடைக்கும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சலவைக்குப் பாவிக்கும் குளோரின் திரவத்தை இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. மரத்தோடும் தக்கையோடும் அது சேர்ந்தால், ஈரமான பழைய காட்போட் மணம் வைனில் ஏறும் ஆபத்து இருக்கிறது. ஏறிவிட்டால் போகாது.

தண்ணீர் பற்றி ஒரு சொல். ரொறன்ரோக் குழாய்நீரில் கிருமி நீக்கச் சேர்ப்பது குளோரமின். குளோரினைப்போல ஓர் இரவு திறந்து வைத்தால் அது ஆவியாகிவிடாது. கரி வடிகட்டியில் வடித்த நீரோ கடையில் விற்கும் ஊற்று நீரோ பாவியுங்கள்.

தொடங்கும் நாளில், 2 லீற்றர் வெந்நீரை வாளியில் ஊற்றிக் கிளறிக்கொண்டே பெந்தனைற்றுப் பக்கற்றைத் தூவுங்கள். அது களிமண் தூள், ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிகட்டியாக நிற்கும். அதன்மேல் சாறு, பையைக் கழுவிய நீர், பிறகு 23 லீற்றர்க் கோடு வரை தண்ணீர். இப்போது நிறுத்தாமல் இரண்டு நிமிடம் அடியிலிருந்து மேலாகக் கிளற வேண்டும். முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். செறிந்த சாறு பாகு மாதிரி அடியில் கிடக்கும், மேலே தண்ணீர் நிற்கும். நீரமானியை (அடர்த்தி அளக்கும் மிதவையை) விட்டால் தன்னீர்ப்பு, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.060 என்று காட்டும், கிட் பழுது என்று மனம் சோர்ந்துவிடும். இன்னும் கிளறி மறுபடி பாருங்கள், சின்னப் பெட்டிக்கு 1.075க்கும் 1.085க்கும் இடையில் வந்து நிற்கும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். கடைசி எண்ணை அதிலிருந்து கழித்து 131ஆல் பெருக்கினால் மதுசார விழுக்காடு கிடைக்கும். 1.085இல் தொடங்கி 0.995இல் முடிந்தால் வித்தியாசம் 0.090, மதுசாரம் 11.8 விழுக்காடு.

சாற்றின் சூடு 20 முதல் 24 பாகை செல்சியஸுக்குள் இருக்கும்போது மதுவத்தை மேலே தூவி மூடிவிடுங்கள். மூடியில் காற்றடைப்பானை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு குழாயை) பூட்டி, அதற்குள் பாதியளவு தண்ணீர் விடுங்கள். இரண்டு நாளுக்குள் குமிழி வரும். வராவிட்டாலும் பதற வேண்டாம், மூடி சற்றுக் கசிந்தாலே வாயு அதன் வழியாகப் போய்விடும், குமிழி தெரியாது. நீரமானி சொல்வதை நம்புங்கள்.

ஒக்டோபர் முடிவில் ஸ்காபுறோ வீடுகளின் பேஸ்மென்ற் தரை சில்லிட்டுவிடும். வாளியையும் கலனையும் நேரே சீமெந்தில் வைத்தால் அடிப்பகுதி 16 பாகைக்கு இறங்கி, மதுவம் மந்தமாகி, நான்கு வாரக் கிட் ஆறு வாரம் இழுக்கும். ஒரு பலகைத் துண்டையோ தடித்த ஸ்ரைரோபோமையோ அடியில் வையுங்கள். கலனைச் சுற்றிக் கட்டும் சூட்டுப்பட்டி வைன் பொருட் கடைகளில் கிடைக்கிறது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. 28, 30 பாகைக்கு ஏற்றினால் நொதித்தல் இரண்டு மூன்று நாள் முந்தி முடியலாம். அதற்கு ஈடாக, வெள்ளை வைனுக்கு உயிரான பழ மணத்தை வாயுவோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடுவீர்கள். தொண்டையைச் சுடும் கனமான மதுசாரங்களும் கூடுதலாக உண்டாகும். அந்தச் சூடு தணிய மாதங்கள் வேண்டும். மூன்று நாளை மிச்சம் பிடித்து மூன்று மாதத்தை இழப்பது நியாயமா?

சீனியும் அதே கதைதான். 23 லீற்றரில் ஒரு விழுக்காடு மதுசாரம் கூட்ட ஏறக்குறைய 390 கிறாம் சீனி வேண்டும். வீரியம் ஏறும், உடல் ஏறாது. தண்ணீர்த்தன்மையான வைனில் மதுசாரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கிட்டைச் செய்தவர்கள் இனிப்பையும் புளிப்பையும் மதுசாரத்தையும் அளந்துதான் வைத்திருக்கிறார்கள், அதைக் குழப்ப வேண்டாம்.

ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தன்னீர்ப்பு 1.010 அல்லது அதற்குக் கீழே வந்ததும், அடிமண்டியைக் கிளறாமல் சைபன் குழாயால் கண்ணாடிக் கலனுக்கு மாற்றுங்கள். அதன்பின் 0.996 அல்லது அதற்குக் கீழ் வந்து, இரண்டு நாள் இடைவிட்டு அளந்தும் அசையாமல் நின்றால்தான் நொதித்தல் முடிந்தது என்று பொருள். நாட்காட்டி பதினான்காம் நாளைக் காட்டினாலும் நீரமானி 1.000 என்றால் காத்திருங்கள்.

அடுத்தது வாயு நீக்கல். விரைவுக் கிட்டின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது, நேரமெடுத்துச் செய்யுங்கள். நொதித்த வைனில் காபனீரொட்சைட்டு நிறையக் கரைந்திருக்கும். மாதக்கணக்கில் கலனில் கிடக்கும் வைனில் அது தானாகவே மெல்ல வெளியேறிவிடும். உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை, கையால்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூன்று கேடு. குமிழிகள் தூசை மேலே தூக்கிக்கொண்டே இருப்பதால் வைன் தெளியாது. நாக்கில் ஊசி குத்துவதுபோல் ஒரு கூர்மை தெரியும், அதைப் புளிப்பு என்று தவறாக எண்ணுவோம். போத்தலில் அடைத்த பிறகு தக்கை வெளியே தள்ளப்படும்.

டிறிலில் பூட்டும் கிளறித்தண்டு ஒன்று வாங்குங்கள். கை வலிக்கக் கரண்டியால் கிளறுவதைவிடப் பல மடங்கு மேல். முதலில் ஒரு லீற்றரளவு வைனை வெளியே எடுத்து இடம் விடுங்கள். ஐந்து விநாடி சுழற்றி நிறுத்துங்கள், நுரை கழுத்துவரை பொங்கி இறங்கும். இறங்கியதும் எதிர்த்திசையில் சுழற்றுங்கள். எடுத்த எடுப்பில் அரை நிமிடம் ஓட்டினால் பேஸ்மென்ற் தரை முழுக்க வைன்தான். தூள்களைப் போடும் முன்பே இந்த முதற்கட்ட வாயுவை எடுத்துவிட வேண்டும். வாயு நிறைந்த வைனில் தூள் விழுந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் குமிழி பிறந்து ஊற்றுப்போல் பீறிடும். வைன் 20 பாகைக்கு மேல் இருக்கட்டும், குளிர்ந்த வைன் வாயுவை விடாது. நுரை அடங்கியதும் நீரமானிக் குழாயில் பாதிக்கு வைனை எடுத்து, பெருவிரலால் வாயை அடைத்து நன்றாகக் குலுக்குங்கள். விரலை எடுக்கும்போது ‘புஸ்’ என்ற சத்தம் கேட்டால் இன்னும் வாயு இருக்கிறது. சத்தம் அடங்கும் வரை, வேண்டுமானால் மறுநாளும், இதைத் தொடருங்கள்.

அதன்பின் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று, பொற்றாசியம் சோபேற்று இரண்டையும் அரைக் கோப்பைக் குளிர்நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். சோபேற்று மதுவத்தைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால்தான் நொதித்தல் முடிந்த பிறகு போடுகிறோம். அதற்குப் பிறகே இனிப்புச் சாற்றுப் பை. பெட்டியிலுள்ள பைகள் எல்லாம் ஒரே நாளுக்கு என்று நினைத்து முதல் நாளே இரண்டையும் கொட்டிவிடுபவர்கள் உண்டு. சோபேற்று முந்தினால் நொதித்தலே தட்டுத்தடுமாறும். இனிப்புப் பை முந்தினால் அதையும் மதுவம் தின்றுவிடும், வைனில் இனிப்பு மிஞ்சாது. பை முழுவதையும் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. பாதியை ஊற்றிக் கிளறி ருசி பாருங்கள், உங்கள் வாய்க்குச் சரியாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

கடைசியாகத் தெளியவைக்கும் இரண்டு திரவங்கள், கீசல்சோலும் கைற்றோசானும். உங்கள் அக்காவின் விடயம் இங்கே வருகிறது. கீசல்சோல் சிலிக்காவிலிருந்து வருவது. கைற்றோசான் வழமையாக இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. அடியில் படிந்து மண்டியோடு பெரும்பகுதி விலகிவிடும் என்றாலும், சைவத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் அதை ஏற்பாரா என்பதை அவவிடமே கேட்பதுதான் முறை. கேட்காமல் கொடுக்க வேண்டாம். விருந்தினரில் எவருக்காவது இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவிர்க்க வேண்டுமானால் கைற்றோசானுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி பெந்தனைற்றை ஒரு கோப்பை வெந்நீரில் சில மணி நேரம் ஊறவிட்டுச் சேர்க்கலாம். மணம் சிறிது குறையும், தெளிய ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக எடுக்கும். ஒக்டோபர் 1இல் தொடங்கினால் அதற்கும் நாள் இருக்கிறது. மீன்பசையான ஐசிங்கிளாஸ், ஜெலற்றின் இரண்டும் சைவம் அல்ல, அவற்றை மாற்றாகத் தந்தால் வாங்காதீர்கள்.

வெளியே எடுத்த வைனைத் திரும்ப ஊற்றிக் கலனை நிரப்புங்கள். கழுத்தில் ஐந்து சென்றிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால், அதே வகை வைன் ஒரு போத்தல் வாங்கி ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றலாம் என்று சில கிட்டுகளின் செய்முறை சொல்லும், ஆனால் ஏற்கெனவே இலேசான வைனை இன்னும் ஐதாக்குவது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு வாரம் அசைக்காமல் விட்டு, இருட்டில் கலனின் ஒரு பக்கத்திலிருந்து ரோச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பால்போன்ற கோடாக உள்ளே தெரிந்தால் இன்னும் தூசு மிதக்கிறது. கோடு மறையும் வரை போத்தலில் அடைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே என்று அடைத்தால், நத்தாருக்குள் போத்தலின் அடியில் மாவு படிந்திருக்கும்.

இந்தக் கணக்கில் நவம்பர் முதல் வாரத்துக்கும் பதினைந்தாம் திகதிக்கும் இடையில் போத்தலில் அடைத்துவிடலாம். குறைந்தது ஐந்து வாரம் கிடைக்கிறது. அடைத்த முதல் இரண்டு மூன்று வாரம் வைன் மந்தமாக, மணமற்று, சில வேளை தீக்குச்சி உரசிய வாடையோடு இருக்கும். கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், அந்த வாடை சல்பைற்றின் சுவடு, தானே அடங்கும். என்ன பிந்தினாலும் டிசெம்பர் 3ஐத் தாண்டி அடைக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். தக்கை அடித்த போத்தல்களை மூன்று நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு படுக்க வையுங்கள். தக்கை அடிக்கும் கருவியைக் கடைகள் வாடகைக்குத் தருவதுண்டு. எல்லாவற்றையும் இந்தப் பருவத்துக்குள் குடித்து முடிப்பதானால் திருகு மூடிப் போத்தலே போதும்.

இவ்வளவுக்கும் வீட்டில் இடமில்லையென்றால், ஒன்ராறியோவில் கடையிலேயே நொதிக்கவைத்துத் தரும் உரிமம் பெற்ற இடங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் மதுவம் இடுவதும் கடைசியில் போத்தலில் அடைப்பதும் உங்கள் கையால் நடக்க வேண்டும், இடைப்பட்ட வேலையை அவர்கள் பார்ப்பார்கள். எங்கே செய்தாலும் இது வீட்டுப் பாவனைக்கு மட்டும், விற்பது சட்டவிரோதம். மேசையில் 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஊற்றவும் கூடாது.

பரிமாறும் அன்று வெள்ளை வைனை மூன்று மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மெர்லோவும் செய்திருந்தால், ஒரு மணி நேரம் முன்னதாகவே வாயகன்ற சாடி ஒன்றில் உயரத்திலிருந்து சலசலவென்று ஊற்றி வையுங்கள். மிஞ்சிய வாயுவும் சல்பைற்று வாடையும் கலைந்து, இளம் சிவப்பு சற்று இளகும்.

மனம் இன்னும் அந்தக் கபர்னேயில் இருந்தால், தை மாதத்தில் வாங்கித் தொடங்குங்கள். வாளியும் கலனும் அப்போது காலியாக இருக்கும். சித்திரைக்குள் போத்தலில் அடைத்து, கண்ணில் படாத மூலையில் படுக்கவைத்துவிட்டு, அடுத்த நத்தாருக்கு முதல் போத்தலைத் திறவுங்கள்.